தாழ்ப்பாள் வாங்கிய சிவப்பு அட்டை

ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் அவர் இடது தோளுக்கு மேல் ஒரு முறை, வலது தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி கவனித்து வருகிறாள்.

"யாரு வராங்க?"

"யாரும் இல்ல."

"அப்புறம் என்னத்தப் பாக்கறீங்க?"

"யாரும் இல்லன்னுதான்."

அவர் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குபவர், பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்; முதுகுக்குப் பின்னால் யாராவது நழுவி வருகிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. ரசிகர்கள் வைத்த பெயர் தாழ்ப்பாள். கோல் போட்டவர்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றும்போது இவர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பார். தொலைக்காட்சியில் அவர் முகம் வருவதெல்லாம் எதிரணி கோல் போட்ட பிறகுதான். நடுவரிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. விருந்துக்குப் போனாலும் இனிப்பை ஒதுக்கிவிட்டு வெள்ளரிக்காயைத் தேடுவார். அவரோடு குடித்தனம் நடத்துவது ஆஸ்பத்திரியில் குடியிருப்பது மாதிரி. சுத்தத்துக்குக் குறைவில்லை, ருசியாக மட்டும் எதுவும் இருக்காது.

அவள் தம்பி தையல்காரன். வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, ஒரு தடவ எதிராளி சட்டையப் பிடிச்சுத்தான் பாருங்களேன். கிழிஞ்சா நான் தச்சுத் தரேன்."

"அது தப்பு மாப்ள."

வயது முப்பத்தைந்து ஆனது. ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. கடைசி ஆட்டத்தில் தோற்காவிட்டால் அணி முதல் பிரிவில் தங்கும், அவருக்கும் இன்னொரு வருஷம் கிடைக்கும். தோற்றால் நடையைக் கட்டலாம் என்று மேலாளர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அந்த ஆட்டம் கோலே விழாமல் இழுத்துக்கொண்டு போனது. முடியும் நேரத்தில் எதிரணி முன்வரிசைக்காரன் ஒருவன் அவரைத் தாண்டி ஓடினான். எதிரே கோல்கீப்பர் மட்டும். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படும் மனைவி எழுந்து நின்று, "சட்டையப் பிடிங்க!" என்று கத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி வாயைப் பிளந்தான்.

அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, பிடித்தார். மழை வரும்போது கொடியில் கிடக்கும் துணியை இழுப்பதுபோல, இரண்டு கையாலும்.

சிவப்பு அட்டை. வாழ்நாளில் வாங்கியிராததால், வாங்கினால் எந்தப் பக்கம் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. நடுவருக்கு நன்றி சொன்னார். தலையைக் குனிந்தபடியே நடந்து எதிரணியின் உடைமாற்றும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் முடிந்து சட்டை கிழிந்தவன் உள்ளே வந்தபோது, அவனுடைய துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சட்டையும் போச்சு, இப்ப துண்டுமா?"

வெளியே கோல் விழாமலே ஆட்டம் முடிந்திருந்தது. மேலாளர் அவர் முதுகில் தட்டினார். "இத்தன வருஷமா இந்தப் புத்திய எங்கய்யா வெச்சிருந்தீங்க?" ஒப்பந்தம் நீண்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வருத்தமா இருக்கா?" என்றாள்.

"இல்ல. இவ்வளவு சுலபம்னு தெரியாமப் போச்சு."

இப்போது அவருக்கு முப்பத்தாறு. அதே அணியில், அதே பின்வரிசையில்தான் ஆடுகிறார். மஞ்சள் அட்டைகள் சேர்ந்துபோனதால் அடுத்த இரண்டு ஆட்டங்களுக்குத் தடை, வீட்டில் இருக்கிறார்.