முற்றத்து மணலில் பாதித் தடம்

எங்கள் வீடு சாம்பல்தீவில். காலையில் முற்றத்து மணலைக் கூட்டாமல் நான் தேத்தண்ணி குடிப்பதில்லை. கணவர் வாடகைக்குக் கார் ஓடுகிறவர். வளைவுகளில் கார் வீதியை நன்றாகப் பிடிக்கும் என்று முன்சில்லுகளின் மேற்பக்கத்தை உள்ளே சாய்த்து வைப்பித்திருந்தார்.

கண்டிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப்போக வேண்டிய நாள். நான் கூட்டிய மணலில் காரைப் பின்னுக்கு எடுத்தார். முன்சில்லின் தடத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் ரயரின் வெட்டுக்கோடுகளான பூ அச்சாகப் பதிந்திருந்தது. உட்பக்கம் வழித்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது.

“இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ! ரயர் தேஞ்சு போச்சு.”

“விசர்க்கதை கதையாதையும். பூ அப்பிடியே கிடக்கு, பாரும்.”

வெளியே தெரிந்த பக்கம் புதிது போலத்தான் இருந்தது. எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஆனால் என் முற்றத்தில் எது பதிந்தாலும் தெரியும்.

“ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பிப்போட்டு இறங்கிப் பாருங்கோ” என்றேன்.

முணுமுணுத்தபடி இறங்கிக் குனிந்தார். உள்விளிம்பில் ரப்பர் தேய்ந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“கடவுளே, மலை றோட்டில வெடிச்சிருந்தா…” என்றார்.

வளைவில் பிடித்த அதே சாய்வுதான் நேர் வீதியில் உள்விளிம்பைத் தின்றிருக்கிறது. ரயர்களை மாற்றி, சாய்வையும் குறைத்த பிறகே ஓட்டம் தொடங்கியது.

இப்போது முற்றம் கூட்டிய பிறகுதான் கார் அசையும். தடம் பார்த்துத்தான் படலை திறப்பேன். போன கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன். விடிய முற்றத்தில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கோணல்மாணலாகக் கூட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.