முருகனுக்கு ஒரு சுவிட்சு

ஜக்கையன் அண்ணனின் ஜீப்பில் ஏறுகிறவர்கள் முதலில் பார்ப்பது முருகனைத்தான். டேஷ்போர்டின் நடுவில் கண்ணாடி போட்ட படம், சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் பல்பு. விடிவதற்கு முன்னால் போடியிலிருந்து கிளம்பும்போது அதன் சுவிட்சைத் தட்டிவிடுவார். பல்புகள் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கிய பிறகுதான் கியரில் கை வைப்பார்.

வண்டி பழையது. கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்து ஒரு இடி இடித்தால்தான் சாத்திக்கொள்ளும். அந்த வித்தை ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களை மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவதும்தான் அண்ணனின் சோலி. அதே எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கும் எனக்குப் பின்கதவோரம் இடம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அண்ணன், "இந்தா வந்துருச்சு" என்பார். எது வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

போன வாரம் போடிமெட்டில் மூடுபனி இறங்கியது. அண்ணன் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தார். போய்ச் சேர்ந்தபோது பேர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். அன்றைய கூலி போய், பெண்களும் நானும் அப்படியே திரும்பி வந்தோம். எந்த ஜீப்பில் ஏறுவது என்று அவர்களுக்காக முடிவெடுப்பவர் சந்திரவல்லி அக்கா. இறங்கும்போது அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அண்ணே, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நாங்க அழகுராஜா ஜீப்புக்குப் போயிருவோம். கோவிச்சுக்காதீக."

அன்றைக்கே அண்ணன் தேவாரம் ரோட்டில் இருக்கும் எபினேசரின் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்கு வண்டியை விட்டார். நானும் கூடப் போனேன். பனியில் வழி தெரிவதற்கு மேலே கூரைக் கம்பியில் இரண்டு பெரிய வெள்ளை விளக்கு, கீழே பம்பரில் இரண்டு மஞ்சள் விளக்கு. எபினேசர் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பியூஸும் ரிலேயும் போட்டு, எர்த் வயர் கடிக்கிற இடத்தில் பெயின்டைப் பளபளவென்று சுரண்டினார். அது வரைக்கும் சண்டையில்லை.

"மேல உள்ளதுக்கும் கீழ உள்ளதுக்கும் தனித்தனி சுவிச்சு வேணும்ணே."

"டேஷ்போர்டுல இருக்கிறதே ரெண்டு ஓட்டை. ஒண்ணு முருகனுக்கு. மிச்சம் ஒண்ணுல நாலையும் சேத்துரு."

"இன்னொரு ஓட்டை போட்டா என்ன?"

"ஏற்கெனவே துருப் புடிச்சு சல்லடையா கெடக்கு. ட்ரில்ல கீழ வையி."

"அப்ப முருகனோடத எடுத்துக்கவா?"

அண்ணன் பார்த்த பார்வையில் எபினேசர் நான்கையும் ஒரே சுவிட்சில் சேர்த்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை மேலேறும்போது அண்ணன் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பாதி மலையில் பனி வந்தது. "இப்பப் பாருங்க" என்று சுவிட்சைத் தட்டினார்.

எதிரே வெள்ளைச் சுவர் எழும்பியது. சாலை, பாறை, பள்ளம் எதுவும் இல்லை.

"சீலையக் காயப்போட்ட மாதிரியில்ல இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அணைத்தால் பழைய ஹெட்லைட்டுக்கு அடங்காத இருட்டு, போட்டால் சுவர். அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் வந்த அழகுராஜாவின் ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

சந்திரவல்லி அக்கா இறங்கி முன்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, கீழ மஞ்ச வெளிச்சத்துல ரோட்டுக் கோடு நல்லாத் தெரியுது. மேல எரியிறதுதான் பொகையக் கெளப்புது. அத மட்டும் அமத்துங்க."

"தனியா அமத்த முடியாது, ஆத்தா."

"ஏன்?"

அண்ணன் முருகனைப் பார்த்தார்.

"வயரப் புடுங்கவா?" என்று நான் கேட்டேன். வண்டியில் நான் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"புது வயருப்பா" என்றார் அண்ணன், பிள்ளையைக் கிள்ளச் சொன்னதுபோல.

அக்கா தாமதிக்கவில்லை. ஏலக்காட்டில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஈரச் சாக்குகள் இரண்டை உருவி என்னிடம் நீட்டினார். "ஏறு தம்பி. வெரசா மூடு." மேலே ஏறிக் கட்டினேன். விளக்குச் சூட்டில் சாக்கு ஆவி விட்டது. கீழே மஞ்சள் வெளிச்சம் சாலையோடு ஒட்டிப் படர்ந்து, வளைவின் வெள்ளைக் கோட்டைக் காட்டியது.

"இட்லி வேகுது, வெரசா விடுங்க" என்றாள் ஒருத்தி. ஜீப்பு முழுக்கச் சிரிப்பு. அண்ணன் கியரைப் போட்டார். "இந்தா வந்துருச்சு."

கடைசிப் பெயரைக் கூப்பிடுவதற்குள் எல்லோரும் வரிசையில் நின்றிருந்தோம்.

சாயங்காலம் போடியில் இறங்கும்போது அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "திங்கக்கெழமை எப்படி ஆத்தா?"

அக்கா டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார்.

"சாமிக்கு எதுக்குண்ணே சுவிச்சு? நீங்க தட்டினாத்தான் அவரு எரியணுமா? சாவியப் போட்டதும் எரியிற மாதிரி வச்சிட்டு, அந்தச் சுவிச்ச மேல் வெளக்குக்குக் குடுத்துட்டு வாங்க. நாங்க ஏறுறோம்."

அண்ணனால் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது. எபினேசருக்குக் கால் மணி நேர வேலைகூட இல்லை.

திங்கட்கிழமை அண்ணன் சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமுவதற்கு முன்பே முருகனைச் சுற்றிப் பல்புகள் ஓடின. பழக்கத்தில் அவர் கை முருகனின் பழைய சுவிட்சைத் தட்டியது. மேலே இரண்டு வெள்ளை விளக்குகளும் எரிந்து, எதிர்த்த டீக்கடையில் நின்றிருந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.