மண் சுருங்கும் என்று நாங்கள் சொல்லவில்லை

வசந்தா டீச்சர் இறந்த செய்தி எனக்குப் பீங்கான் கம்பெனியில் வேலையில் இருந்தபோதுதான் வந்தது. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளில் பிசிறு சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கலா போனைப் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம வசந்தா டீச்சர் போயிட்டாங்களாம். திட்டக்குடிப் பக்கம் அந்த மங்களூர் ஸ்கூல்லயே மயங்கி வுழுந்துட்டாங்களாம்" என்றாள். அதற்குப் பிறகும் நான் சுரண்டிக்கொண்டுதான் இருந்தேன். ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது.

நம் பள்ளிக்கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பெற்றோர் நீங்கள் எல்லோரும் அவரைத் தங்கம் என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அங்கே சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன்.

என் மகள் திவ்யாவுக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர் அவர். வெளியூர்க்காரர். ஏதோ பயிற்சிக்குப் போய் வந்த கையோடு, நோட்டும் பேனாவுமாகக் கம்பெனிக்கே வந்துவிட்டார். "பிள்ளைங்க ஒரு நெஜ வேலைய மொதல்லேருந்து கடைசி வரைக்கும் செஞ்சு, அதுலேருந்து பாடம் கத்துக்கணுமாம். எனக்கே இது புதுசுங்க. இந்த ஊர்ல மண்ணை விட்டா வேற என்ன இருக்குது? நீங்க சொல்லிக்குடுங்க" என்றார். எங்களோடு தரையில் உட்கார்ந்து பிசிறு சுரண்டிப் பார்த்தார். நாலு பொம்மைக்குக் காது போனது. "டீச்சர், பேசாம இங்கயே வேலைக்குச் சேந்துடுங்க" என்று கலா கிண்டல் செய்தாள். "சேந்தா ரெண்டே நாள்ல மேஸ்திரி தொரத்திடுவாரு" என்று டீச்சரும் சிரித்தார்.

வகுப்பறைக் கதவுகளுக்குப் பீங்கானில் பெயர்ப் பலகை செய்வது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். மரச்சட்டம் முதலிலேயே தயாராகிவிட்டது. சட்டத்தை அளந்து, அதே அளவுக்கு மண்ணை வெட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். அதனால்தான் கம்பெனியில் அச்சைப் பெரிதாக வைப்போம். எனக்குத் தெரியும், கலாவுக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது, நம் வேலையை நாம் அவர்களிடம் பேசுவதே இல்லையே. படித்தவருக்குத் தெரியாததா, நாம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டோம். அது முழு உண்மை இல்லை. மாட்டிக்கொண்டு முழிக்கட்டுமே என்றும் எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

பலகைகள் சட்டத்துக்குள் நிற்காமல் லொடலொடவென்று ஆடின. அந்த வாரமே ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒன்றை விரலால் ஆட்டிப் பார்த்தார். "ஒரு பலகைய ஒழுங்கா செய்யத் தெரியல, இதுக்கு ஒரு மாசமா?" என்றார். "இப்பத்தான் சார் பாடமே ஆரம்பிக்குது. எவ்வளவு சுருங்குச்சுன்னு பிள்ளைங்க கணக்குப் போடுறாங்க. அடுத்த தடவை சரியா வரும்" என்றார் டீச்சர். அதிகாரி சிரித்தார். கூட நின்ற தலைமையாசிரியரும் சிரித்தார்.

அடுத்த தடவை வரவில்லை. வர விடாதது நாம்தான். "மண்ணுல கை வைக்கக் கூடாதுன்னுதானே பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறோம்?" என்று பெற்றோர் கூட்டத்தில் முதலில் கேட்டவள் நான். மனு எழுதினோம். இரங்கல் கூட்டத்தில் அழுதவர்கள் பலருடைய கையெழுத்து அதில் இருக்கிறது. என்னுடையதும் இருக்கிறது. டீச்சரை மங்களூர் பக்கம் மாற்றினார்கள்.

அவர் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். திட்டக்குடி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"செல்வி, மனு குடுத்ததுக்கு ஒங்க மேல கோவமில்லைங்க. ஒங்க பொண்ணு, ஒங்க பயம். ஆனா அந்தப் பலகை விஷயத்துல நம்ம எல்லாருமே ஏமாந்துட்டோம், இல்ல? ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பீங்க."

தெரிந்தேதான் சொல்லவில்லை டீச்சர் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பஸ்ஸு வந்துடுச்சு டீச்சர், ஏறுங்க" என்றேன்.

என்னைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாக நினைத்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அந்த நினைப்பு பொய் என்று தெரியாமலே போய்விட்டார். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான்.