எங்கள் தெருச் சாவிகளை வைத்திருந்த தேவகி அக்கா

இஸ்திரி வண்டி தேவகி அக்கா போய்விட்டார்... இன்று காலை கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

செய்யாறு கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ரேவதி நேற்றிலிருந்து போன் அடித்திருக்கிறாள். எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் ஏறி, யூனிபார்மோடு அப்படியே வந்து இறங்கினாள். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

காலையிலிருந்து இதை டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இன்று எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

ஆரணியில் எங்கள் தெருவுக்கு வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். தெருமுனையில், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வண்டி. வண்டியில் ஒரு பலகை, பலகை முழுக்க ஆணி. வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் வீட்டுச் சாவியை அதில்தான் மாட்டிவிட்டுப் போவோம்.

எல்லாம் தறி வீடு என்பதால் அவரவர் வீட்டுப் பட்டு நூலைச் சாவியில் கட்டியிருப்போம். எங்களுடையது அரக்கு, பக்கத்து வீடு கிளிப்பச்சை. யார் சாவியையும் அக்கா ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.

புது ஆள் யார் வந்தாலும் முதலில் அக்காவைத் தாண்ட வேண்டும். "யார் வூட்டுக்குங்க? இன்னா விஷயம்?" தேய்த்துக்கொண்டே கேட்பார். கொரியர் பையன்கள் அவரிடம் சொல்லாமல் உள்ளே வந்ததே இல்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. காரை நிறுத்தி, மாப்பிள்ளைக்கு எங்கே வேலை, சொந்த வீடா வாடகையா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "பையன் பரவால்ல பாப்பா. அவங்கம்மாதான் பேசிகினே கீது, பார்த்துக்கோ" என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்... நல்லவேளை, மாமியார் பேஸ்புக்கில் இல்லை.

அந்த வருடம்தான் பக்கத்துத் தெருவில் அடுத்தடுத்து செயின் அறுத்தார்கள். பட்டப்பகலில், பைக்கில் வந்து. வெளியூர் போகும்போது பீரோவில் நகை வைக்காதீர்கள் என்று போலீஸ்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள்.

அம்மா மிரண்டு போனாள். என் கல்யாண நகையை இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்னால், தலையணை உறை...

களம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் வந்தோம். நகை இல்லை. பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஸ்டேஷனில், "யார் மேலயாவது டவுட் இருக்கா?" என்று கேட்டார்கள். "அப்டி யாரும் இல்லைங்க" என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும். "சாவி இஸ்திரிக்கார அக்காகிட்டதான் சார் இருந்துச்சு" என்றேன்.

அன்று மத்தியானம் முழுக்க அக்காவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து விசாரித்தார்கள். இங்கே வண்டி ஆளில்லாமல் நின்றது. யாரோ கொடுத்த வேட்டி பாதி தேய்த்தபடி கிடந்தது.

ஒன்பதாம் நாள் கழிவுப் பட்டு வாங்குகிறவர் தராசோடு வந்தார். தறியில் அறுந்து விழும் நூலையெல்லாம் ஒரு கோணியில் சேர்த்து வைப்போம். அதைக் கவிழ்த்ததும் நகைப் பை விழுந்தது. கிளம்பும்போது, இதை எந்தத் திருடனும் தொட மாட்டான் என்று கடைசி நிமிடத்தில் அம்மாவே திணித்திருக்கிறாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சுத்தமாக மறந்துவிட்டாள்.

அப்பா ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ச் சொன்னார். அக்காவிடம் போகத்தான் எங்கள் யாருக்கும் கால் வரவில்லை.

சாயங்காலம் அவரே வந்தார். தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசியாக எங்கள் வீடு.

"நகை கெடைச்சுடுச்சாமே, சந்தோஷம். ஆனா உங்கம்மா வாயால எம் பேரு வந்துடுச்சே பாப்பா... அதான் தாங்கல."

அம்மா உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. முந்திக்கொள்ளும் வாய் அன்றைக்கு மட்டும் எங்கே போனதோ.

அன்றோடு அக்கா அம்மாவிடம் பேசுவதை விட்டுவிட்டார். "நீ கல்யாணம் ஆயி போற பொண்ணு. உன் பேரு எதுக்கு... எம் பேருலயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு தெருவில் கேமரா வைத்தார்கள். அதற்குக் கீழேயே ஒருநாள் எதிர்வீட்டு பைக் காணாமல் போனது. வீடியோவில் ஹெல்மெட்தான் தெரிந்தது. அக்கா அப்போது இஸ்திரி வண்டியில்தான் இருந்திருக்கிறார். "நான் எதுக்குங்க கேக்கணும், நீங்கதான் கேமரா வெச்சுகினு கீறீங்களே" என்றாராம்.

என்னிடம் மட்டும் அவர் மாறவே இல்லை. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி வந்த பிறகும் துணியை அவரிடம்தான் கொடுத்தேன். என் மகள் ஸ்கூல் சேர்ந்த அன்று யூனிபார்மைத் தேய்த்து, மடிப்பு கலையாமல் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் போவேன். துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இன்று அம்மா முட்டி வலியோடு நடந்து போய் அக்கா காலடியில் உட்கார்ந்தாள். "இந்தம்மாதான அன்னைக்கு..." என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அம்மா தலை நிமிரவில்லை.

ரேவதி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அம்மா உன்னைப் பத்தி சொல்லிகினே இருக்கும்க்கா. இந்தத் தெருவுல என்னை நம்புனது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்னு."

அங்கேயும் நான் சொல்லவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். தெருக்காரர்கள் எல்லோரும் வாருங்கள்.

ரேவதி, நீ இதைப் படிப்பாய். நாளைக்கு என்னை வாசலிலேயே நிறுத்தினாலும் சரி... எங்கள் அம்மாவை மட்டும் உள்ளே விடு.

போய் வாருங்கள் அக்கா.