அடி அண்ணாமலையில் ஒரு வேகத்தடை

ரோட்டில் நடப்பவர்களுக்கு எங்கே ஆபத்து என்று பார்த்துச் சொல்வது என் தொழில். அதற்காக நாள் முழுக்க நடுரோட்டில் நிற்பவன் நான்தான். ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு ஹாரன் சத்தத்தில் பின்வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்.

டீக்கடைக் கோரிக்கை

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் கஸ்தூரி அக்காவின் டீக்கடை. வீடு எதிர்ச்சாரியில். போன வருஷம் ரோட்டைக் கடக்கும்போது வேன் இடித்து அவர் வீட்டுக்காரர் ஏழுமலைக்குக் கால் முறிந்தது. கோலூன்றி நடக்கத் தேறியும், ரோட்டைக் கண்டாலே நடுக்கம். மனுஷன் வீட்டோடு முடங்கிவிட்டார். நான் அளவு நாடாவோடு போய் நின்றதும் அக்கா கேட்டார்: "என்னா வேணா பண்ணுங்க சார், அவரு தனியா கடைக்கு வந்து போனா போதும்."

போர்டு

எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடப்பதுதான் பத்திரம் என்று படித்தவன் நான். பௌர்ணமிக்கு முன்னால் "வலப்பக்கம் நடக்கவும்" என்று ஜம்பமாகப் போர்டு வைத்தேன். வந்த கூட்டம் மொத்தமும் இடப்பக்கமே போனது. மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பக்கமாம். வெளியூர்க்காரனான எனக்கு இது தெரியாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா பொறுமையாக விசாரித்தார்: "சித்தருங்க வழியில எங்கள போவச் சொல்றியே, அவங்கள எங்கப்பா போவச் சொல்வ?"

வெள்ளைக் கோடு

போர்டைக் கழற்றினேன். ஆட்களை மாற்ற முடியாது, இடப்பக்கத்தையாவது பத்திரமாக்குவோம் என்று நடப்பவர்களை வண்டிகளிடமிருந்து பிரிக்க ஓரமாகக் கோடு போடச் சொன்னேன். மறுநாள் மதியம் பார்த்தால், வெறுங்கால் பக்தர்கள் வரிசையாக அந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறார்கள், பஸ் தோளை உரசிக்கொண்டு போகிறது. ஓரம் போகச் சொல்லிக் கத்தினேன். பெயின்ட் அடித்தவர் சிரித்தார்: "தார்ல சூடு ஜாஸ்தி, வெள்ளையில கம்மி சார். கால் எங்க குளுருதோ அங்கதான போவாங்க?"

உடனே அவரை வைத்தே, வண்டி வராத தார் விளிம்பில் அகலமான வெள்ளைப் பாதை அடித்தோம். கூட்டம் தானாக அங்கே நகர்ந்தது. வாழ்க அந்த மனிதர்!

கையெழுத்து

கடைக்கு எதிரே வேகத்தடை மட்டும் பாக்கி. பஸ் தாமதமாகும் என்று காரணம் சொல்லி, ஃபைல் வேங்கிக்கால் நெடுஞ்சாலை ஆபீசில் தூங்கியது. அதிகாரியிடம் போய் ஏழுமலையின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்தவர் பேனாவைத் திறந்தார். கும்பிட்டே விட்டேன். அவர் சொன்னார்: "நானும் மாசாமாசம் அந்த வழியில நடக்கறவன்தாங்க."

முதல் டீ

வேகத்தடை போட்ட மறுநாள் காலை ஏழுமலை எதிரே தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கடை பெஞ்சிலிருந்து கைகொடுக்க எழுந்த என்னை அக்கா கண்ணாலேயே உட்கார வைத்தார். டவுன் பஸ் ஒன்று வேகம் குறைத்து நின்றது. கோலை ஊன்றி ஊன்றி அவர் கடந்து வந்து, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதட்டினார்: "வந்துட்ட இல்ல, சும்மா குந்தாத. அந்த கிளாஸுங்கள கழுவு."

ஏழுமலை என்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே கழுவுகிறாரோ என்னவோ, எனக்கு இப்படியொரு தொழில் கிடைத்ததற்கு நான் மட்டும் தினமும் அந்த மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன்.