யகோடாவும் டர்கோவும் நடத்திய கல்யாணங்கள்

க்ராபினா ஊருக்கு மேலே, குன்றின் மீதுள்ள பழைய பிரபு மாளிகையில் கல்யாணம் என்றால் யகோடாதான் நடத்திக்கொடுப்பாள். படம் எடுப்பவன் டர்கோ. நான் அங்கே சமையல்காரி. புருஷன் பெண்டாட்டியாக வேலை செய்தவர்கள், விவாகரத்துக்குப் பிறகும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். ஊர் சும்மா இருக்குமா? கேட்டவர்களுக்கெல்லாம் யகோடாவிடம் ஒரே பதில்தான்.

"புருஷனாத்தான் அவன் சரியில்ல. படம் எடுக்கிறதுல என்னை ஒருநாளும் ஏமாத்தினதில்ல."

ஒரு செப்டம்பர் சனிக்கிழமை, மாடியறையில் மணப்பெண் லொரேனாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த சிகையலங்காரக்காரி, இவர்கள் பிரிந்தவர்கள் என்ற விஷயத்தைப் பேச்சுவாக்கில் போட்டு உடைத்துவிட்டாள். அதைக் கேட்ட மாப்பிள்ளையின் அம்மா நெவென்கா நேராகச் சமையலறைக்கு இறங்கி வந்தாள். யகோடா அங்கே வான்கோழி வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். டர்கோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"பிரிஞ்சவங்க கை பட்ட முக்காட்டோட என் மருமக கோயிலுக்குப் போகக் கூடாது. ரெண்டு பேர்ல ஒருத்தராவது கிளம்பிடுங்க," என்றாள் நெவென்கா.

டர்கோவுக்குச் சண்டை என்றாலே ஆகாது. உடனே எழுந்து கேமராவைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான். யகோடாவின் கோபம் அவன் பக்கம் திரும்பியது.

"பையைக் கீழ வை. வீட்டுலயும் இப்படித்தான் வாயத் திறக்காம கிளம்பின. இங்க அது நடக்காது."

பிறகு நெவென்காவைப் பார்த்து, போகச் சொல்வதானால் மணப்பெண் சொல்லட்டும் என்றாள். எல்லோரும் மாடி ஏறினார்கள். நான் மட்டும் விடுவேனா, கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

லொரேனாவின் அப்பாவும் அம்மாவும்கூடப் பிரிந்தவர்கள்தான். குடும்பப் படத்தில் அவர்கள் சேர்ந்து நிற்கக் கூடாது என்று நெவென்கா முன்பே சொல்லிவைத்திருந்தாள். பெண் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது பாதி பின்னிய தலையோடு, கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அப்போ எங்க அப்பா அம்மாவையும் அனுப்பிடுங்க அத்தை. நானும் அவங்களோடயே போயிடறேன்."

யாரும் போகவில்லை. கோயிலிலிருந்து திரும்பியதும், மாளிகைப் படிக்கட்டில் பெண்ணுக்கு இருபுறமும் அப்பாவையும் அம்மாவையும் யகோடா நிறுத்தினாள். அப்பா ஏதோ முணுமுணுக்க, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டர்கோ அந்த நொடியைப் பிடித்துக்கொண்டான்.

நெவென்கா படத்துக்கு வரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றாள். ஒருமுறை போய்க் கூப்பிடுங்கள் என்று அவள் கணவர் கேட்டபோது, வெளிச்சம் போகிறது என்று சொல்லிவிட்டாள் யகோடா. மாப்பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்து மனசு வலித்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். ஆனாலும் மறுபடி அப்படித்தான் செய்வாளாம்.

நெவென்கா போன இடமெல்லாம் பேசியதில் வசந்தகாலக் கல்யாணங்கள் இரண்டு கைநழுவின. விஷயத்தை மறைத்துவைக்கலாமே என்று மாளிகைக்காரர் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். யகோடா தன் இணையதளத்தின் முதல் வரியாகவே போட்டுவிட்டாள்: 'நாங்கள் விவாகரத்தானவர்கள். பிடிக்காதவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம்.'

அதைப் படித்த டர்கோ, கூடவே ஒரு படமும் வேண்டும் என்றான். கேமராவை முக்காலியில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் ஓடிவந்து நின்றான். படத்தில் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.