விளிம்பு உடைந்த பானை

டூட்டிங்கில் எங்கள் குசினி மேசையில் என் கணவர் ஒட்டத் தொடங்கிய பிளாஸ்ரிக் மாதிரி விமானம் கனநாளாகக் கிடந்தது. கை நடுங்கத் தொடங்கிய பிறகு, இறக்கை உடலோடு சேரும் இடத்து நீக்கலை, அந்தச் சின்ன இடைவெளியை, இவரால் அடைக்க முடியவில்லை. குப்பைக்குள் போடப் போனார். நான் வாங்கி வைத்து, அடைக்கிற பசையை அள்ளி அப்பினேன். இன்று பார்த்தால் பசை காய்ந்து, சுருங்கி, நடுவில் வெடித்திருந்தது.

என் சின்ன வயதில், ஊரில் அம்மாவின் புட்டுப் பானையிலும் இப்படித்தான் வெடித்தது. விளிம்பு உடைந்த பானை. ஆவியெல்லாம் பக்கத்தால் போய்விடும். அம்மா பிசைந்த மாவை அதில் அப்பினார். சூடு ஏற, மா வெடித்தது. விறகுப் புகையும் தேங்காய்ப்பூ வாசமும் வீடு நிறைய இருந்தன, புட்டு மட்டும் அவியவில்லை.

“விடும், புதுப் பானை வாங்குவம்,” என்றார் என்னைப் பெற்ற ஐயா.

“பானையிலை பிழையில்லை. நான்தான் தடிப்பாய் அப்பிப்போட்டன். பசிச்சால் பொறுங்கோ.”

அம்மா எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். ஈர விரலால் மெல்லிசாக ஒரு பூச்சு, அது இறுகிய பிறகு இன்னொன்று. ஆவி மேலால் மட்டும் வந்தது. ஐயா புட்டுக்குக் கோப்பையை நீட்டினார்.

“பார்த்தீரே, வெடிச்சுப் போச்சு. உமக்கு ஏலாத வேலை,” என்றார் இவர், என் பின்னால் நின்று விமானத்தைப் பார்த்தபடி.

இவரோடு எதிர்த்துக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பல்லுக்குத்தும் குச்சி நுனியால் துளி பசை எடுத்து மெல்லிசாக இழுத்தேன்.

“இது காய்ஞ்ச பிறகு இன்னொருக்காப் பூச வேணும்,” என்றேன், அம்மாவின் குரலில். “பசிச்சால் பொறுங்கோ.”

இவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயின்ற் போத்தலை எடுத்துக் குலுக்கத் தொடங்கினார்.